விலை உயர்ந்த பவுன்சர் வாங்கலாமா? ஸ்பிரிங்குக்குக் காசு கொடுங்கள், மோட்டாருக்கு வேண்டாம்

கைக்குழந்தையைச் சாய்த்து வைக்கும் ஆடும் இருக்கைகளான பவுன்சர்களில் அடிமட்ட விலைக்கும் உச்ச விலைக்கும் நடுவே பல மடங்கு இடைவெளி இருக்கிறது. வேலை என்னவோ எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். நமக்கு இரண்டு கையும் வேறு வேலையில் இருக்கும்போது, விழித்திருக்கிற குழந்தையைக் கண்ணெதிரே சாய்த்து வைத்திருக்க ஓர் இடம். அது அழுகையை நிறுத்தும், வயிற்றுவலியைத் தீர்க்கும், இரவெல்லாம் தூங்க வைக்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதெல்லாம் விற்பனைப் பேச்சு. அந்த ஒரு வேலைக்காக யானை விலை கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. குழந்தை ஏறத்தாழ 3.5 கிலோ எட்டியதிலிருந்து பிடிமானம் இல்லாமல் தானே உட்காரத் தொடங்கும்வரைதான் பவுன்சரின் ஆயுள். நடைமுறையில் ஐந்து மாதம். ஒரு தடவைக்கு இருபது நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை என்று வைத்துக்கொண்டால் 150 நாளில் மொத்தம் 100 மணி நேரம். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பவுன்சரின் விலையை 100-ஆல் வகுத்துப் பாருங்கள். பின்னால் விற்றுவிடுவதாக இருந்தால் கிடைக்கக்கூடிய தொகையைக் கழித்துவிட்டு வகுங்கள். வருகிற எண் ஒரு மணி நேரத்துக்கான வாடகை. அந்த வாடகை உறுத்தவில்லை என்றால் மேலே படியுங்கள். உறுத்தினால், நல்ல பவுன்சரைப் பழையதாக வாங்குவது எப்படி என்ற பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

கடையில் எல்லாவற்றையும் பவுன்சர் என்றே சொல்வார்கள். ஆனால் அதில் மூன்று சாதி உண்டு. வளைத்த இரும்புக் கம்பியோ குழாயோ சட்டமாக இருந்து, குழந்தை கை கால் உதைக்கும்போது தானாக ஆடுவது முதல் வகை. அதே சட்டத்தில் பேட்டரி போட்ட அதிர்வுப் பெட்டி ஒன்றை அடியில் மாட்டியது இரண்டாவது. மோட்டார் வைத்து இருக்கையையே மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்துவது மூன்றாவது. மூன்றாவதைச் சரியாகச் சொன்னால் ஊஞ்சல் என்றுதான் சொல்ல வேண்டும். விலை உச்சத்தில் இருப்பவை முதல் வகையிலும் மூன்றாம் வகையிலும்தான். நடுவில் இருக்கும் அதிர்வுப் பெட்டி பெரும்பாலும் இரைச்சல். நாலாவது வாரத்தில் பேட்டரி தீரும், அதற்குப் பிறகு யாரும் புதிது போட மாட்டார்கள்.

ஆட்டத்தைச் சோதிப்பது எப்படி

நல்ல பவுன்சரில் காசு போய்ச் சேரும் முதல் இடம் சட்டம். ஒரே நீளமான இரும்பை வளைத்துச் செய்த சட்டம் முழுவதுமே ஸ்பிரிங்காக வேலை செய்யும். மலிவான சட்டத்தில் நாலைந்து துண்டுக் குழாய்களைப் பிளாஸ்டிக் மூட்டுகளால் கோத்திருப்பார்கள். குழந்தை உதைக்கும் சக்தியை அந்த மூட்டுகளே தின்றுவிடும். இரண்டு மாதக் குழந்தையின் உதைக்கு அது அசையவே அசையாது, நாம்தான் காலால் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கக் குழந்தை தேவையில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நாலைத் துண்டில் இறுகச் சுற்றி, குழந்தையின் முதுகும் இடுப்பும் வரும் இடத்தில் வையுங்கள். நாலு கிலோ ஆகிவிட்டது. இருக்கை எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். 4 செ.மீ. இறங்கினால் அது நொடிக்கு ஏறத்தாழ இரண்டரை தடவை ஆடும். பார்க்கவே படபடவென்று இருக்கும். 6 செ.மீ. என்றால் நொடிக்கு இரண்டு, 9 செ.மீ. என்றால் ஒன்றரைக்குச் சற்று மேல். பெரியவர்கள் குழந்தையைத் தோளில் போட்டு நடக்கும் நடையும் நொடிக்கு இரண்டு எட்டை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே 6-லிருந்து 9 வரை இறங்குகிற சட்டம் குழந்தைக்கு ஏற்கெனவே பழகிய தாளத்தில் ஆடும். இருக்கை நேர்செங்குத்தாக இறங்காமல் கொஞ்சம் வளைந்தும் இறங்கும் என்பதால் இவை தோராய எண்கள்தான். ஆனால் இரண்டு பவுன்சர்களை ஒப்பிடப் போதும்.

பிறகு பாட்டில்களோடு ஒரு தடவை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். எத்தனை ஆட்டத்தில் அடங்குகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மூன்றிலேயே செத்துப்போனால் மூட்டுகள் சக்தியைத் தின்கின்றன என்று பொருள். ஆடும்போது டிக் டிக் என்று சத்தம் வந்தால் ஏதோ ஒரு மூட்டு முழுதாக உட்காரவில்லை, அல்லது ஏற்கெனவே தளர்ந்துவிட்டது.

கடைசியாக அதில் எழுதியுள்ள உச்ச எடையை ஏற்றிப் பாருங்கள். எடை இரண்டு மடங்கானால் இறக்கமும் ஏறத்தாழ இரண்டு மடங்காகும், ஆட்டத்தின் வேகம் பத்துக்கு ஏழாகக் குறையும். அந்த எடையில் இருக்கையின் அடி தரையைத் தொட்டால், பெட்டியில் போட்டிருக்கும் எடை வரம்பு காகிதத்தில் மட்டும்தான்.

துணி

சட்டத்தைவிடத் துணிதான் விலை வித்தியாசத்தை அதிகம் காட்டும். ஆனால் கடைக்காரர் காட்டுவது நிறத்தையும் மிருதுவையும் மட்டுமே. பார்க்க வேண்டியது இழுவிசை. துணி முதுகுத்தண்டு முழுவதையும் சமமாகத் தாங்கும்படி விறைப்பாக இருக்க வேண்டும். தொய்ந்த துணியில் குழந்தையின் இடுப்பு குழிக்குள் போய்விடும், முதுகு வில்லாக வளையும், தாடை நெஞ்சில் முட்டும். பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் கால் பங்கு இருக்கும், கழுத்தோ இன்னும் நிற்காது. தாடை நெஞ்சில் அமுங்கினால் மூச்சுக்குழாய் மடங்குகிறது. குழந்தை அழவும் முடியாமல் சத்தமில்லாமல் மூச்சுத் திணறுவது இப்படித்தான். புதுத் துணியில் இது தெரியாது. அறுபது எழுபது மணி நேரம் பயன்பட்டு, மூன்று நாலு தடவை துவைத்தபின் மலிவான துணி தொய்ந்த பிறகுதான் தெரியும்.

சோதனை எளிது. நாலு பாட்டிலையும் வைத்தபிறகு, தலை வரும் இடத்திலிருந்து தொடை வரும் இடம்வரை ஒரு நேரான கோலைப் பிடியுங்கள். கோலுக்கும் துணிக்கும் நடுவே உள்ளங்கையைத் தட்டையாக நுழைக்கும் அளவுக்கு மட்டும் குழி இருந்தால் பரவாயில்லை. முஷ்டி நுழைகிறது என்றால் வேண்டாம்.

தலைக்குப் பஞ்சு வளையம், பக்கத்தில் உப்பலான மெத்தை என்று சிலவற்றில் கூடுதலாக வைத்துத் தைத்திருப்பார்கள். வசதி போலத் தோன்றும், ஆனால் தலையை முன்னால் தள்ளுவதே அவைதான். கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். கழற்ற முடியாதபடி தைத்திருந்தால் அந்த மாடலே வேண்டாம். தயாரிப்பாளர் தராத எந்தத் திண்டையும் நாமாக வாங்கி உள்ளே வைக்கவும் கூடாது.

வலைத்துணிக்கும் பருத்திக்கும் இடையே தேர்வு என்றால், பால் கக்குகிற குழந்தைக்கு வலைத்துணி. துவைத்தால் சீக்கிரம் காயும், முதுகு வியர்க்காது. பருத்தி தொட இதமாக இருக்கும், ஆனால் காய நேரம் எடுக்கும், அதுவரை பவுன்சர் சும்மா கிடக்கும். இரண்டாவது உறை ஒன்று தனியாக விலைக்குக் கிடைக்கிற மாடலா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். உறை தனியாகக் கிடைக்காத பவுன்சர், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், துணி போனால் முடிந்தது.

தூக்கம்

இந்த விஷயத்தில் விலை எதையும் மாற்றாது. பவுன்சரில் குழந்தை தூங்கக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. தூங்கும் இடம் கெட்டியாக, தட்டையாக, சாய்வில்லாமல் இருக்க வேண்டும். உட்காரும் சாதனத்தில் கண்ணயர்ந்துவிட்டால் முடிந்தவரை சீக்கிரம் எடுத்துத் தட்டையான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். அதே 2022-இல் அங்கே வந்த சட்டம், ஒரு வயதுவரையான குழந்தைகளுக்கு 10 பாகைக்கு மேல் சாய்வுள்ள தூங்கும் சாதனங்களை விற்பதையே தடை செய்தது. அதற்கு முன், 2019 ஏப்ரலில், ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் ராக் அண்ட் பிளே என்ற சாய்வுத் தொட்டிலை, ஏறத்தாழ 47 லட்சம் எண்ணிக்கையில், குழந்தைகள் இறந்ததை அடுத்துத் திரும்பப் பெற்றது.

10 பாகை என்பது எவ்வளவு தெரியுமா? முதுகுச் சாய்வு 50 செ.மீ. நீளம் என்றால் தலை இடுப்பைவிட 9 செ.மீ. உயரத்தில் இருந்தாலே 10 பாகை ஆகிவிட்டது. 25 செ.மீ. உயர்ந்தால் 30 பாகை. செல்போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் வசதியைத் திறந்து முதுகுத் துணிமேல் வைத்துப் பாருங்கள். பவுன்சரின் மிகத் தாழ்ந்த நிலைகூடப் பத்தைத் தாண்டி நிற்பதைக் காணலாம். அந்தத் தாழ்ந்த நிலைக்குச் சில தயாரிப்பாளர்கள் ‘தூக்க நிலை’ என்று பெயர் வைத்ததும் உண்டு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கழுத்து நிற்காத மாதங்களில் விழித்திருக்கும் குழந்தையை வைக்க ஏற்றது அந்த நிலை. தூக்கத்துக்கு ஏற்றதில்லை.

இதிலிருந்து வாங்குபவருக்கு ஒரு நேரான முடிவு கிடைக்கிறது. ‘பகலில் இதிலேயே தூங்கிவிடுவான், நமக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும்’ என்ற நினைப்பில் விலை உயர்ந்ததை வாங்குகிறீர்கள் என்றால் வாங்காதீர்கள். அந்தக் காசை நல்ல தொட்டிலில், நல்ல கெட்டி மெத்தையில் போடுங்கள்.

உச்ச விலையில் இரண்டு

கம்பிச் சட்ட வகையில் எல்லோரும் கேட்பது பேபிபியோர்ன். 1961-இல் தொடங்கிய சுவீடன் நிறுவனம், அதன் முதல் பொருளே குழந்தை சாயும் இப்படியொரு இருக்கைதான். மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. மூன்று சாய்வு நிலை, அதோடு தட்டையாக மடிந்து கட்டிலுக்கு அடியில் போகும். குறைந்தது 3.5 கிலோ, துணியைத் திருப்பிப் போட்டு நாற்காலியாக்கினால் 13 கிலோ வரை. சாய்ந்த நிலைகளுக்கு வரம்பு அதைவிடக் குறைவு, கையேட்டில் நிலைக்கு ஒன்றாகப் போட்டிருக்கும். மேலே சொன்ன இழுவிசையும் ஆட்டமும் இதில் சரியாக அமைந்திருக்கின்றன. குறை என்ன என்றால், விளையாட்டுப் பொம்மைக் கம்பி பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும், அதன் விலையும் கூச்சப்படாத விலை. இரண்டு வயதுவரை நாற்காலியாகப் பயன்படும் என்ற வாதத்தையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தவழத் தொடங்கிய குழந்தை அதில் உட்கார்ந்திருக்க ஏன் சம்மதிக்கப் போகிறது?

மோட்டார் வகையில் ஃபோர்மாம்ஸ் நிறுவனத்தின் மாமாரூ. ஐந்து விதமான அசைவு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், சுவர் மின்சாரத்தில் ஓடும், வரம்பு 11.3 கிலோ. பொறியியலாகப் பார்த்தால் அழகான பொருள்தான். ஆனால் மூன்று சிக்கல். எடை அதிகம், அறைக்கு அறை தூக்கிப் போக முடியாது. பவுன்சரின் பாதிப் பயனே சமையலறைக்கும் குளியலறை வாசலுக்கும் கூடவே வருவதுதான். இரண்டாவது, அசைவை இயந்திரம் கொடுக்கிறது, குழந்தை கொடுப்பதில்லை. தான் உதைத்தால் இருக்கை ஆடுகிறது என்று மூன்றாம் மாதத்தில் குழந்தை கண்டுபிடிக்கும் அந்த வேடிக்கை இதில் இல்லை. மூன்றாவது, சீரான ஆட்டத்தில் குழந்தை தூங்கிவிடும், தூங்கியதை எடுக்க நமக்கு மனசு வராது. 2022 ஆகஸ்டில் இதன் ஏறத்தாழ 20 லட்சம் ஊஞ்சல்களும், அதே நிறுவனத்தின் ராக்காரூ என்ற ஆடும் இருக்கைகள் 2.2 லட்சமும் அமெரிக்காவில் திரும்ப அழைக்கப்பட்டன. யாரும் உட்காராமல் இருந்த இருக்கைக்கு அடியில் தொங்கிய வார், தவழும் குழந்தையின் கழுத்தில் சிக்கியதுதான் காரணம். பத்து மாதக் குழந்தை ஒன்று இறந்தது. வாரைக் கட்டிவைக்கும் பிடிப்பானை நிறுவனம் இலவசமாகத் தந்தது. பழைய மாமாரூவை யாராவது உங்கள் தலையில் கட்டினால், அந்தப் பிடிப்பான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டில் எது என்றால் தயங்காமல் கம்பிச் சட்டம்தான். பேபிபியோர்ன்தான் வேண்டும் என்றில்லை. மேலே சொன்ன சோதனைகள் எல்லாவற்றையும் தாண்டுகிற, பாதி விலையில் இருக்கும் எந்தக் கம்பிச் சட்டப் பவுன்சரும் அதே வேலையைச் செய்யும். அமெரிக்க ஏஎஸ்டிஎம் எஃப்2167 அல்லது ஐரோப்பிய ஈஎன் 12790 தரக்குறிப்பு அதில் இருக்க வேண்டும். அது இல்லாததைத் தொடவே வேண்டாம்.

மாட்டும்போது நடக்கும் தவறுகள்

பவுன்சர் ஒரு பக்கம் சாய்கிறது, துணி தொய்கிறது என்று வரும் புகார்களில் நிறைய, மாட்டியதில் வந்த கோளாறு. துணியைச் சட்டத்தின் மேல் முனையிலிருந்து உறைபோல் இழுக்கும்போது தையல் கோடு நடுவில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இழுக்க வேண்டும். இரண்டு செ.மீ. விலகினாலும் குழந்தை அந்தப் பக்கமே சரியும். அடியில் மாட்டும் கொக்கிகளும் எலாஸ்டிக் வளையங்களும் எத்தனை என்று எண்ணி மாட்டுங்கள். ஒன்றை விட்டாலும் முதலில் தெரியாது, இருக்கை மெதுவாகத் தொய்ந்த பிறகுதான் தெரியும். குழாய்களைக் கோக்கும் மாடலில் இரண்டு பக்கத்துப் பித்தானும் துளை வழியாக முழுதாக வெளியே வந்திருக்க வேண்டும். சாய்வை மாற்றிய பிறகு முதுகுச் சட்டத்தைக் கையால் பின்னோக்கி ஒரு தடவை அழுத்துங்கள். இரண்டு பக்கப் பல்லும் உட்காரவில்லை என்றால் அப்போதே நழுவிக் காட்டிவிடும், குழந்தை இருக்கும்போது நழுவாது.

வார் விஷயத்தில் தொடையிடுக்கு வாரை விடாமல் மாட்ட வேண்டும். இடுப்பு வார் மட்டும் போட்டால் குழந்தை கீழே வழுக்கி வார் கழுத்துக்கு வந்துவிடும். வாருக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைந்தால் போதும்.

வைக்கும் இடம் எப்போதும் தரை. மேசைமேல், சமையல் மேடைமேல், சோபாமேல், கட்டில்மேல் வைக்கவே கூடாது. குழந்தை உதைக்க உதைக்க பவுன்சர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சில மில்லிமீட்டர் நகரும். பத்து நிமிடத்தில் அது விளிம்புக்கு வந்துவிடலாம். மெத்தையில் வைத்தால் வேறு ஆபத்து, கவிழ்ந்து முகம் துணியில் புதையும். அடியில் இருக்கும் ரப்பர் பாதங்கள் இந்த நகர்வைக் குறைக்கத்தான். அதில் ஒன்று கழன்று விழுந்தாலும் மாற்றும்வரை பயன்படுத்த வேண்டாம். குழந்தையோடு சேர்த்துத் தூக்குவதும், பொம்மைக் கம்பியைக் கைப்பிடியாகப் பிடிப்பதும் கூடாது. அந்தக் கம்பி எடை தாங்க மாட்டியதில்லை.

பால் குடித்த உடனே வைக்காதீர்கள். மடங்கிய இடுப்பு வயிற்றை அழுத்தி எதுக்களிப்பை அதிகமாக்கும். ஏப்பம் வரவைத்து, இருபது முப்பது நிமிடம் நிமிர்த்தித் தோளில் வைத்திருந்துவிட்டுப் பிறகு வையுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் எந்தச் சாய்வு இருக்கைக்கும் முன்னால் மருத்துவரைக் கேளுங்கள்.

ஒரு தடவைக்கு இருபது முப்பது நிமிடம் போதும். கார் இருக்கை, தள்ளுவண்டி, பவுன்சர் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறி நாள் முழுவதும் சாய்ந்தே இருக்கும் குழந்தைக்குப் பின்தலை தட்டையாகும், கழுத்தும் தோளும் வலுப்பெறத் தாமதமாகும். பவுன்சரில் இருந்த நேரத்துக்குக் குறையாமல் தரையில் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள்.

பழையது வாங்குவது

என் கணக்கில் புத்திசாலித்தனமான வழி இதுதான். உயர்ந்த மாடலின் சட்டம் பல குழந்தைகளைத் தாங்கும், தேய்வது துணி மட்டும். பழைய சட்டம், புது உறை என்று வாங்கினால் புதியதற்கு ஈடான பவுன்சர் கிடைக்கும். பார்க்க வேண்டியவை: சட்டத்தின் வளைவுகளில் பெயிண்ட் உரிந்து துரு ஏறியிருக்கிறதா, நாலு ரப்பர் பாதமும் இருக்கிறதா, சாய்வுப் பற்கள் எல்லா நிலையிலும் பிடிக்கின்றனவா, கொக்கிகள் உடையாமல் இருக்கின்றனவா, வாரின் தையல் பிரிந்திருக்கிறதா. சட்டத்தைச் சமதரையில் வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள். எதிர் மூலை எழும்பினால் சட்டம் முறுக்கிவிட்டது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அடியில் ஒட்டியுள்ள மாடல் எண்ணையும் தயாரித்த தேதியையும் குறித்துக்கொண்டு, அது திரும்ப அழைக்கப்பட்டதா என்று தயாரிப்பாளர் தளத்தில் தேடிப் பாருங்கள். ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்திருந்தால் பேரம் பேசாமல் வந்துவிடலாம்.

உறையை முதலில் துவைத்து விடுங்கள். 40 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டாம், வெளுப்பான் வேண்டாம், உலர்த்தும் இயந்திரத்தில் போட வேண்டாம். சூட்டில் எலாஸ்டிக் போய்விடும். கொக்கிகளைத் துணிக்குள் மடித்து வலைப்பையில் போட்டுத் துவைத்தால் இயந்திரத்தில் அடிபட்டு உடையாது. நிழலில் காயவைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே சட்டத்தில் மாட்டினால் துணி இழுபட்டு இறுகிக் காயும்.

கைக்கு வந்த பவுன்சரை எப்போது நிறுத்துவது என்பதையும் குழந்தையே காட்டும். வாரோடு முன்னால் எழுந்து உட்கார முயன்றாலோ, பக்கவாட்டில் திரும்பிக் கவிழப் பார்த்தாலோ அன்றே மடித்து வைத்துவிடுங்கள், எடை வரம்பு இன்னும் மூன்று கிலோ மிச்சமிருந்தாலும் சரி. மடித்து வைப்பதற்கு முன் உறையைத் துவைத்து, வார்களை இறுக்கிக் கட்டி, கையேட்டையும் உறையோடு ஒரே பையில் போட்டு வையுங்கள். விற்கும்போது அந்தக் கையேடும் கிழியாத சீட்டும்தான் விலை பேசும்.